ஆண்டுக்கு மூன்று முறை கூட வேண்டிய மன்றத்துக்கு, தென்பெண்ணைக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசும் மாநிலங்களும் கூடிப் பேசுவதற்கான மாநிலங்களிடை மன்றத்தின் தலைவரான பிரதமர் அவர்களுக்கும், அதன் உறுப்பினர்களான முதலமைச்சர்களுக்கும், குறிப்பாகத் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் முதல்வர்களுக்கும்:

2024 நவம்பரில் உங்கள் மன்றத்தைத் திருத்தி அமைத்து அறிவிப்பு வந்தது. யார் தலைவர், யார் உறுப்பினர், யார் நிரந்தர அழைப்பாளர் என்றெல்லாம் அதில் இருந்தது. கூட்டம் எப்போது என்பது மட்டும் இல்லை. 2022 மே மாதத்திலும் இதே மாதிரி ஒரு பட்டியல் வந்தது, அதற்குப் பிறகும் யாரும் கூடவில்லை. நீங்கள் கடைசியாக உட்கார்ந்து பேசியது 2016 ஜூலை 16 அன்று. அதற்கு முந்தைய கூட்டம் 2006 டிசம்பரில். உங்கள் மன்றத்தை உண்டாக்கிய 1990 மே 28-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, ஆண்டுக்கு மூன்று முறையாவது கூட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 2016-க்குள்ளேயே 78 கூட்டங்கள் ஆகியிருக்க வேண்டும். நடந்தவை 11.

டெல்லியில் இது ஒரு நிர்வாகத் தாமதமாகத் தெரியலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மேற்கேயும் வடக்கேயும் கர்நாடகம், வடகிழக்கே ஆந்திரம். இங்கே ஆறும் சந்தையும் பேருந்தும் தினமும் மாநில எல்லையைத் தாண்டுகின்றன. மூன்று அரசுகளும் பேசிக்கொள்ள ஓர் இடம் இல்லாவிட்டால் அந்த விலையை இங்கிருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். எப்படி என்று கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் கிழக்கு ஓரமாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. முதல் அணை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி, அடுத்தது பெரியமுத்தூரில் உள்ள கிருஷ்ணகிரி அணை. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகைத் திறந்ததும் கீழே போய்ப் பாருங்கள், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நந்திமங்கலம் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து பக்கத்து வயல்களில் ஒட்டும். காய்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு தங்கும்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். பெங்களூருவின் தென்கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில் சேர்கிறது. சுத்திகரிக்காத கழிவோடு சோப்புத்தூளின் நுரைப்பொருளும் பாஸ்பேட்டும் அப்படியே வருகின்றன. சமதளத்தில் ஓடும்வரை அடங்கியிருக்கும். மதகில் விழுந்து காற்றோடு அடிபடும்போது மோர் கடைந்த மாதிரி பொங்கும். இதே தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் துளிப்பான் வாயில் வழவழவென்று படிந்து அடைத்துக்கொள்கிறது. மணல் ஃபில்டரை நாள்தோறும் பின்னோட்டம் விட்டுக் கழுவினாலும் லேட்டரல் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஆசிட் விட்டுக் கழுவினால் உப்புப் படிவுதான் கரையும். இந்தப் பாசிக்கும் கசடுக்கும் குளோரின் விட வேண்டும். அந்தச் செலவு ஓசூர்ப் பக்கத்துக் காய்கறிக்காரர் தலையில் விழுகிறது. கழிவு அவர் வீட்டிலிருந்து போனதல்ல.

இதை யாரிடம் முறையிடுவது? 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரமும் அந்த மாநில எல்லையோடு நிற்கிறது. தமிழ்நாட்டு வாரியம் கொடியாளத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம், ஐந்து கிலோமீட்டர் மேலே போய் ஒரு நோட்டீஸ் கொடுக்க முடியாது. மாநில வாரியங்களுக்கிடையே வரும் தகராறைத் தீர்ப்பது மத்திய வாரியத்தின் வேலை என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. வாரியம் அதிகாரிகளால் ஆனது. ஒரு பெருநகரத்தின் கழிவுநீர்க் குழாய்க்கு எத்தனை கோடி, எந்த ஆண்டுக்குள் என்று வாக்குக் கொடுக்க முதல்வர்களால்தான் முடியும்.

அழுக்கு ஒரு பக்கம், அளவு இன்னொரு பக்கம். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றுவது 2018-இல் தொடங்கியது. 44 கோடி லிட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 180 கன அடி, ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 5.7 டி.எம்.சி. கிருஷ்ணகிரி அணையை இரண்டு முறை நிரப்பினாலும் மிச்சமிருக்கும் தண்ணீர் அது. கோலாரின் வறட்சி எங்களுக்குத் தெரியாத வறட்சியல்ல. ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வருகிற பூமி எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது. அவர்களுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கீழே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கை இரு மாநிலமும் ஒரே தாளில் எழுதிப் பார்த்ததுண்டா என்று கேட்கிறோம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகத்தின் யார்கோள் அணை வந்தபோதும் அந்தத் தாள் எழுதப்படவில்லை. தமிழ்நாடு 2018-இல் உச்சநீதிமன்றம் போனது.

நீதிமன்ற வழி எப்படிப்பட்டது என்றும் பார்த்துவிட்டோம். 2019 நவம்பர் 14 அன்று இடைக்கால மனு தள்ளுபடியானது, தீர்ப்பாயம் வேண்டுமானால் ஒன்றிய அரசைக் கேளுங்கள் என்று சொல்லப்பட்டது. நவம்பர் 30 அன்று தமிழ்நாடு எழுதிக் கேட்டது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்களிடை ஆற்றுநீர்த் தகராறுகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பேச்சுவார்த்தையில் தீராது என்று தெரிந்தால் கோரிக்கை வந்த ஓராண்டுக்குள் தீர்ப்பாயம் அமைக்க வேண்டும் என்கிறது. அந்த ஓராண்டு 2020 நவம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகும் பேச்சுவார்த்தைக் குழு, கால நீட்டிப்பு, மறுபடி நீதிமன்றம் என்றே ஆண்டுகள் ஓடின. தீர்ப்பாயம் உட்கார்ந்தால்கூட அறிக்கைக்கு மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து, விளக்கம் கேட்டால் இன்னும் ஒன்று.

காவிரிக்கு எவ்வளவு ஆனது? தமிழ்நாடு தீர்ப்பாயம் கேட்டது 1986-இல். உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு அமைந்தது 1990 ஜூனில். இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5, அது அரசிதழில் வந்தது 2013 பிப்ரவரியில், உச்சநீதிமன்றத்தின் முடிவு 2018 பிப்ரவரி 16, மேலாண்மை ஆணையம் அமைந்தது அதே ஆண்டு ஜூனில். கேட்டதிலிருந்து 32 ஆண்டுகள்.

ஆனால் அந்த 32 ஆண்டுகளின் முடிவில் கிடைத்த ஒன்றை இதே மாவட்டத்தில் வந்து பார்க்கலாம். அஞ்செட்டிக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர் ஆணையம் காவிரியை அளக்கிறது. கரையில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல், நீரோட்டத்தின் வேகத்தைப் பிடிக்கும் கருவி, நீர்மட்டத்துக்கு இத்தனை கன அடி என்று சொல்லும் அட்டவணை. மொத்தம் 177.25 டி.எம்.சி., ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதக்கணக்கு இருக்கிறது. சண்டை தீர்ந்துவிட்டதாக நாங்கள் சொல்லவில்லை, பற்றாக்குறை ஆண்டில் இன்றும் கசப்பு வருகிறது. ஆனால் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதில் இன்று தகராறு குறைவு. அளப்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவர், எண் எல்லாருக்கும் தெரிகிறது. தென்பெண்ணையிலும் நீர் ஆணையத்தின் அளவு நிலையங்கள் இருக்கின்றன. எல்லையில் எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு சுத்தமாக வர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட எண் மட்டும் இல்லை. எண் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்காருகிறது.

வதந்தியும் ஆத்திரமும் என்ன செய்யும் என்பதற்கு 2016 செப்டம்பர் போதும். காவிரித் தகராறில் அந்த மாதம் 12-ஆம் தேதி பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. தமிழ்நாட்டில் கர்நாடகத்தவர் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையில் நின்றுவிட, பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஜனம் நடந்தே போனது. எந்தப் பக்கத்து ஆள் என்று அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறார்கள், பல வீடுகளில் இரண்டு மொழி ஓடும். அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்புதான் உங்கள் மன்றம் கூடியிருந்தது. ஒன்றிய–மாநில உறவு பற்றிய பூஞ்சி ஆணையப் பரிந்துரைகள், ஆதார் வழி மானியம், பள்ளிக் கல்வி, உள்நாட்டுப் பாதுகாப்பு என்பவை அன்றைய பொருள்கள். ஆற்றுநீர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆறு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி மாங்காய்க்குத் தடை விதிக்கப்பட்டது. இங்கே பெங்களூரா என்று சொல்கிற அதே காய்தான், கூழ் ஆலைக்கே பயிராவது. ஆந்திர அரசு தன் உழவர்களுக்குக் கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய் நிர்ணயித்திருந்தது, அந்த 4 ரூபாய் வெளிக்காய்க்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிய அரசு கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன் வரை விலை வேறுபாட்டுத் தொகையை ஏற்றது. இங்கே கிருஷ்ணகிரியில் விலை நான்கு, ஐந்து ரூபாய்க்கு இறங்கியது. மண்ணும் காயும் ஒன்று, விலை மூன்று. ஆலை வாசலில் டிராக்டர் இரண்டு நாள் நின்றால் அடியில் கிடக்கும் காய் நசுங்கிப் பால் வடிந்து கறுக்கும், கழிவு போகத்தான் எடை போடுவார்கள், வண்டி வாடகையோ நின்ற நாளுக்கும் சேர்த்து ஓடும். பறிகூலியும் வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்காது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

நாடு முழுக்க வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 301-ஆம் பிரிவு சொல்கிறது. பொது நலனுக்காக ஒரு மாநிலம் கட்டுப்பாடு போட வேண்டுமானால் 304-ஆம் பிரிவுப்படி சட்டமன்றத்தில் மசோதா வர வேண்டும், குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். ஒரு மாவட்ட உத்தரவில் முடிகிற காரியமல்ல. இவற்றைக் கண்காணிக்க ஓர் அமைப்பை நாடாளுமன்றம் ஏற்படுத்தலாம் என்கிறது 307-ஆம் பிரிவு, அது இன்றுவரை ஏற்படுத்தப்படவில்லை. அதனால் மாங்காய்ப் பருவத்தின் நடுவில் ஒரு முதல்வர் இன்னொரு முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அழுகும் பொருளுக்குக் கடிதப் போக்குவரத்து தாங்காது. மூன்று மாநில வேளாண் அமைச்சர்களும் மார்ச்சிலேயே ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் ஒரே அடிப்படை விலையையும், எந்த ஆலை எந்தப் பகுதிக் காயை எவ்வளவு எடுக்கும் என்பதையும் பேசி முடித்திருக்கலாம்.

வரி விஷயத்தில் இதே அரசுகள் உட்காருகின்றன. ஜி.எஸ்.டி. மன்றம் 2016-இல் அமைந்தது முதல் 50 முறைக்கு மேல் கூடிவிட்டது. அங்கே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும், ஆகவே ஒன்றிய அரசின் சம்மதமில்லாமல் எதுவும் நகராது. அந்த ஏற்பாட்டின்மேல் எங்களுக்குக் குறை உண்டு. இருந்தாலும் தேதி குறித்துக் கூடுகிறார்கள், பேசியது வெளியே வருகிறது. பணத்துக்கு முடிகிறது, தண்ணீருக்கு முடியவில்லை.

உங்கள் மன்றம் கூடாததற்குக் காரணம் மனமின்மை மட்டும் என்று நாங்கள் கருதவில்லை. 1990 ஆணையிலேயே ஓட்டைகள் இருக்கின்றன. கூட்டத்தைக் கூட்டும் பிடி தலைவர் கையில் இருக்கிறது, எத்தனை முதல்வர்கள் எழுதிக் கேட்டாலும் கூட்டியே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது, ஒருமித்த கருத்து எட்டப்பட்டதா என்பதில் தலைவர் சொல்வதே முடிவு. மூன்றாவது ஓட்டைதான் பெரியது. அரசியலமைப்பின் 263-ஆம் பிரிவு இப்படியொரு மன்றத்துக்கு மூன்று வேலைகளைச் சொல்கிறது. முதல் வேலை, மாநிலங்களுக்கிடையே எழும் தகராறுகளை விசாரித்து ஆலோசனை சொல்வது. பொது அக்கறையுள்ள பொருள்களை ஆராய்வதும், ஒருங்கிணைப்புக்குப் பரிந்துரைப்பதும் மற்ற இரண்டு. 1990 ஆணை பின்னிரண்டை மட்டும் கொடுத்து முதல் வேலையை விட்டுவிட்டது. ஒன்றிய–மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் பரிந்துரைத்ததும் அப்படித்தான். மன்றம் சண்டைக் களமாகிவிடும் என்ற அன்றைய தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. சண்டை அறைக்குள் வராமல் நெடுஞ்சாலைக்கு வந்ததைப் பார்த்த பிறகும் அந்தத் தயக்கம் நீடிப்பதுதான் புரியவில்லை.

பேசியதை வெளியிடாததால் வரும் கேட்டுக்கு ஒகேனக்கல் சாட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரி கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிற ஊர்கள் ஏராளம். பல் கறுத்த பிள்ளைகளும் முழங்கால் வளைந்த பெரியவர்களும் அதன் விளைவு. காவிரியில் 1.4 டி.எம்.சி. குடிநீர் எடுக்கும் ஒகேனக்கல் திட்டத்துக்கு 1998-இல் ஒன்றிய அரசு முன்னிலையில் தமிழ்நாடும் கர்நாடகமும் ஒப்புக்கொண்டன. பெங்களூரு குடிநீருக்கான ஒப்புதலும் அதே பேச்சில்தான் வந்தது. பத்தாண்டு கழித்து, 2008-இல், அப்படியொரு சம்மதமே இல்லை என்பது போலக் கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது, திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வந்தது 2013-இல். 1998-இல் பேசியது கன்னடத்திலும் தமிழிலும் அச்சாகி ஊர் ஊராகப் போயிருந்தால் 2008-இல் அத்தனை எளிதாக அதை மறுத்திருக்க முடியாது.

பல மொழி, பல இனம் வாழும் மற்ற கூட்டாட்சிகள் இதற்குச் சில வழிகள் வைத்திருக்கின்றன. பாகிஸ்தானில் 2010-இன் 18-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாகாணங்களின் பொதுநல மன்றம் 90 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும், அதற்கு நிரந்தரச் செயலகம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 154-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கும் அது ஒழுங்காக நடப்பதில்லை. நடக்காதபோது அரசியலமைப்பு மீறப்பட்டது என்று சிந்து மாகாணத்தார் சுட்டிக்காட்ட ஒரு வரி இருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு மசோதா மொழிச் சமூகங்களுக்கிடையிலான உறவைக் கெடுக்கும் என்று ஒரு மொழிக் குழுவின் நான்கில் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதா நின்றுவிடும், அமைச்சரவை 30 நாளில் காரணத்தோடு கருத்துச் சொல்ல வேண்டும். அபூர்வமாகத்தான் அதை எடுத்திருக்கிறார்கள். இலங்கையில் நடந்தது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. இரண்டு தலைவர்களின் வாக்கைத் தவிர அதைத் தாங்கிப் பிடிக்க அங்கே ஒரு நிறுவனம் இல்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

பிரதமர் அவர்களே, இந்த மடல் வெளியான மூன்று மாதத்துக்குள் மன்றத்தைக் கூட்டுங்கள். அன்றே அடுத்த மூன்று கூட்டங்களுக்கும் தேதி அறிவியுங்கள். பொருள்பட்டியலை முப்பது நாள் முன்னதாகவும், நடவடிக்கைக் குறிப்பை முப்பது நாளுக்குள்ளும் மாநில மொழிகளில் வெளியிடுங்கள்.

1990 ஆணையைத் திருத்துங்கள். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டாம், 263-இன் கீழ் குடியரசுத் தலைவரின் இன்னொரு ஆணை போதும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் அறுபது நாளில் கூட்டம் நடந்தாக வேண்டும் என்று சேருங்கள். தகராறுகளை விசாரித்து ஆலோசனை சொல்லும் முதல் வேலையையும் மன்றத்திடம் கொடுங்கள். ஆற்றுநீர்ப் பங்கீட்டின் தீர்ப்பு தீர்ப்பாயத்திடமே இருக்கட்டும். அளவு, மாசு, வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றைப் பேசத் தீர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கர்நாடக, தமிழ்நாடு முதல்வர்களே, தென்பெண்ணைக்கு ஓர் ஆற்று வாரியம் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஒன்றிய அரசைக் கேளுங்கள். 1956-இல் தகராறுச் சட்டத்தோடு ஆற்று வாரியங்கள் சட்டமும் வந்தது. தகராறுச் சட்டத்தில் தீர்ப்பாயம் பல அமைந்தன, வாரியச் சட்டத்தில் ஒரு வாரியம்கூட அமையவில்லை. முதலாவது இங்கே அமையட்டும். அதுவரை, கொடியாளத்தில் இரு மாநிலப் பொறியாளர்களும் நீர் ஆணையமும் சேர்ந்து ஓட்டத்தை மணிக்கொரு முறையும், கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, பாஸ்பேட், நுரைப்பொருள் ஆகியவற்றை வாரம் ஒரு முறையும் அளந்து வெளியிட வேண்டும். சுத்திகரிக்காமல் ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு கழிவு வாய்க்காலையும் அடைக்கும் தேதியைக் கர்நாடகம் எழுத்தில் தர வேண்டும். பெங்களூருக் குடிமக்களுக்கும் அது நல்லதுதான், அந்த ஏரிகளின் நாற்றத்தில் இருப்பவர்கள் அவர்கள்.

மூன்று மாநில முதல்வர்களே, மாங்காய்க்கு ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு கூட்டம் வையுங்கள், கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் என்று முறைவைத்து. வணிகத்துக்கான 307-ஆம் பிரிவு அமைப்பை ஏற்படுத்தும்படி மன்றத்தில் மூவரும் ஒரே குரலில் கேளுங்கள்.

தமிழ்நாடு முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. டெல்லியிடம் நாம் கேட்கும் மதிப்பை நம் எல்லைக்குள் இருக்கும் தெலுங்கு, கன்னட, உருது மக்களும் நம்மிடம் கேட்கிறார்கள். ஒரு பகுதியில் சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தாலே முக்கிய அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வர வேண்டும் என்பது 1956-இலேயே ஒப்புக்கொண்ட பாதுகாப்பு. ஆற்றில் வெள்ளம் திறக்கும்போது ஒலிபெருக்கியிலும் கைபேசிச் செய்தியிலும் போகும் எச்சரிக்கை ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டங்களிலும் வேப்பனப்பள்ளிப் பகுதியிலும் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதிலும் போக வேண்டும். இதற்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. அடுத்த முறை கெலவரப்பள்ளி மதகைத் திறக்கும் முன்பே இதற்கான உத்தரவைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தென்பெண்ணைப் பாசன உழவர்களும் ஊர்மக்களும்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.